நோவாவுக்கு முந்திய பேழை: லண்டன், பாரிஸ் பயணக் குறிப்புகள்

வெள்ளி, லண்டன்

பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இரவு எட்டரை வரை திறந்திருக்கும். மற்ற நாட்களில் ஐந்து மணிக்கே வெளியேற்றிவிடுவார்கள். அதற்காகவே இந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். கீழே ரொசெட்டா கல்லைச் சுற்றி நிற்க இடமில்லை. மேலே எகிப்திய மம்மிகளிடமும் அதே கூட்டம். மெசொப்பொத்தேமியாவுக்கான 55ஆம் அறைக்கு வந்தால் ஆள் நடமாட்டம் சட்டென்று குறைந்துவிடுகிறது. நான் பார்க்க வந்தது அங்கேதான் இருக்கிறது: கண்ணாடிக்குப் பின்னால், கை அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான, உடைந்த ஒரு களிமண் பலகை. கில்காமேஷ் என்ற பழைய மெசொப்பொத்தேமியக் காவியத்தின் 11ஆவது பலகை. வெள்ளக் கதை இருப்பது இதில்தான்.

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் நோவா பேழையில் தப்பும் வெள்ளக் கதை பாபிலோனிலிருந்து வந்தது என்று வாட்ஸ்ஆப்பில் யாராவது மாதம் தவறாமல் அனுப்புகிறார்கள். கூடவே இயேசு என்பதே எகிப்தியத் தேவன் ஹோரஸின் நகல், மித்ராஸின் நகல் என்றும் வரும். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பொருட்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்போம் என்றுதான் இந்தப் பயணம். (விமான டிக்கெட் விலை இறங்கியதும் ஒரு காரணம்.)

இந்தப் பலகையைப் படித்துச் சொன்னவர் ஜார்ஜ் ஸ்மித். பதினான்கு வயதிலேயே பணத்தாள் அச்சுத் தகடு செதுக்கும் வேலைக்குப் போனவர். மதிய உணவு நேரத்தில் மியூசியத்துக்கு ஓடிவந்து, களிமண்ணில் அழுத்தி எழுதும் ஆப்பெழுத்துகளைத் தானாகவே கற்றுக்கொண்டார். கடைசியில் மியூசியமே அவரை வேலைக்கு எடுத்தது. 1872 டிசம்பர் 3ஆம் தேதி விவிலியத் தொல்லியல் சங்கத்தில் அவர் இந்த வெள்ளக் கதையை வாசித்தபோது கேட்க வந்திருந்தவர்களில் பிரதமர் கிளாட்ஸ்டனும் இருந்தார். உடனே டெய்லி டெலிகிராப் பத்திரிகை ஆயிரம் கினி கொடுத்து ஸ்மித்தைப் பழைய அசீரியத் தலைநகர் நினிவேக்கு அனுப்பியது. இன்னொரு பயணத்தில், 1876இல், அலெப்போவில் இறந்துபோனார். வயது 36. அங்கே பலகைகள் கிடைத்த, அசீரிய ராஜா அசுர்பானிபாலின் அரண்மனையை 1853இல் தோண்டிக் கண்டெடுத்தவர் மோசூலைச் சேர்ந்த ஹொர்முஸ்த் ரஸ்ஸாம். அவர் உள்ளூர்க்காரர் என்பதாலோ என்னவோ, ஸ்மித்துக்குக் கிடைத்த புகழில் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

சரி, கதைக்கு வருவோம். தேவர்கள் வெள்ளம் அனுப்பத் தீர்மானிக்கிறார்கள். ஏயா என்ற தேவன் மட்டும் நாணல் சுவரிடம் பேசுவதுபோல் பேசி உத்னபிஷ்திம் என்ற மனிதனுக்கு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறான்: வீட்டைப் பிரி, கப்பல் கட்டு. கீல் பூசிய கப்பல். குடும்பமும் விலங்குகளும் ஏறுகின்றன. ஆறு பகல், ஏழு இரவு புயல். கப்பல் ஒரு மலையில் தட்டி நிற்கிறது. புறாவை விடுகிறான், திரும்பி வருகிறது. தகைவிலானை விடுகிறான், திரும்பி வருகிறது. காக்கையை விடுகிறான், வரவில்லை. இறங்கிப் பலி செலுத்துகிறான். வாசனையை முகர்ந்த தேவர்கள் ஈக்களைப்போல் வந்து மொய்க்கிறார்கள். ஆதியாகமத்தில் காக்கை முதலில், புறா பிறகு. ஆனால் மலையில் தங்குவது, பறவைகளை விடுவது, பலி, கடைசியில் "சுகந்த வாசனையைக் கர்த்தர் முகர்ந்தார்" என்று வருவது வரை வரிசை அப்படியே இருக்கிறது.

இரவு கிழக்கு ஹாமில் சித்தி மகன் வீட்டில் சாப்பாடு. தம்பி சபைக்கு ஒழுங்காகப் போகிறவன். "அண்ணே, வெள்ளக் கதை எல்லா ஊர்லயும்தான் இருக்கு. மச்ச அவதாரத்துலகூட மனு கப்பல்ல போறார். அப்ப அதுவும் காப்பியா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. வெள்ளம், கப்பல், தப்பிய ஒருவன் என்ற அளவில் மட்டும் இரண்டு கதை ஒத்துப்போனால் அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆறு இருக்கிற ஊரில் வெள்ளக் கதை தானாகவே பிறக்கும். கதைக்கு அவசியமே இல்லாத சில்லறை விவரங்கள் அதே வரிசையில் வரும்போதுதான் சந்தேகம் உறுதியாகிறது. பறவை விட்டுப் பார்க்காமலும் ஒருவன் கப்பலை விட்டு இறங்கலாமே.

எது முந்தியது என்பதிலும் பெரிய குழப்பம் இல்லை. நினிவேயில் கிடைத்த பலகை கி.மு. 7ஆம் நூற்றாண்டுப் படி. ஆனால் அத்ரஹாசிஸ் என்ற இன்னும் பழைய பாபிலோனிய வெள்ளக் கதைக்கு கி.மு. 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதிய படிகள் இருக்கின்றன. அது நடக்கும் நிலமும் டைகிரிஸ், யூப்ரடீஸ் கரை. எருசலேமோ மலைமேல் இருக்கும் ஊர். அங்கே மழை வராதா என்பதுதான் வழக்கமான கவலை.

ஆனால் அத்ரஹாசிஸில் எனக்குப் பிடித்தது வேறு. அங்கே வெள்ளத்துக்குக் காரணம் சத்தம்! மனிதர்கள் பெருகிப் போடும் இரைச்சலில் என்லில் தேவனுக்குத் தூக்கம் வரவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு, இனி இப்படிப் பெருகக் கூடாது என்று மலட்டுத்தன்மை, குழந்தைகளைப் பறிக்கும் பேய், பிள்ளை பெறாத பெண் பூசாரிகள் என்று ஏற்பாடு செய்கிறார்கள். ஆதியாகமத்தில் காரணம் கொடுமை. பூமி கொடுமையால் நிறைந்திருந்தது என்கிறது. வெள்ளம் வடிந்ததும் வரும் முதல் கட்டளை: பலுகிப் பெருகி பூமியை நிரப்புங்கள். நேருக்கு நேர் எதிர்ப்பேச்சு. இதை எழுதியவருக்கு பாபிலோன் கதை நன்றாகத் தெரியும், பிடிக்கவும் இல்லை. வம்புக்கு இழுக்கவே அந்தக் கதையை எடுத்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

தம்பிக்கு இதில் பாதிதான் ஒப்புதல். மீன் குழம்பில் முழு ஒப்புதல்.

சனி, லண்டன்

வால்புரூக்கில் புளூம்பெர்க் கட்டடத்துக்கு அடியில், தெரு மட்டத்திலிருந்து ஏழு மீட்டர் கீழே, ஒரு ரோமானியக் கோயில் இருக்கிறது. மித்ராஸ் என்ற தேவனின் கோயில். கி.பி. 240 வாக்கில் கட்டியது. குண்டுவீச்சில் இடிந்த பகுதியில் 1954இல் தோண்டியபோது கிடைத்தது. செப்டம்பர் 18, தோண்டுதலின் கடைசி நாள் என்று வைத்திருந்த அன்று மித்ராஸின் பளிங்குத் தலை வெளியே வர, ஊரே வரிசையில் நின்று பார்த்திருக்கிறது. அந்தத் தலை இப்போது இங்கே இல்லை. 2017 முதல் அடித்தளத்தைத் திறந்துவைத்திருக்கிறார்கள். அனுமதி இலவசம், முன்பதிவு செய்துவிட்டால் நல்லது. இருட்டு, புகைமூட்டம், லத்தீன் மந்திர ஒலி என்று கொஞ்சம் நாடகத்தனமாகத்தான் காட்டுகிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

இங்கே வந்த காரணம் வாட்ஸ்ஆப்பின் இரண்டாவது பாதி. மித்ராஸ் கன்னியிடம் பிறந்தான், டிசம்பர் 25இல் பிறந்தான், பன்னிரண்டு சீடர்கள், மூன்றாம் நாள் உயிர்த்தெழுதல், இதையெல்லாம் கிறிஸ்தவர்கள் திருடிக்கொண்டார்கள் என்கிறார்கள். ரோமானியச் சிற்பங்களில் மித்ராஸ் பிறப்பது பாறையிலிருந்து, வளர்ந்த இளைஞனாக. அவன் செய்யும் பெரிய காரியம் காளையைக் கொல்வது. அவன் செத்ததாகவே கதை இல்லை, பிறகு எங்கே உயிர்த்தெழுவது? ரோமானிய மித்ராஸ் வழிபாட்டின் தடயங்கள் முதல் நூற்றாண்டின் கடைசியில்தான் தெரியத் தொடங்குகின்றன. நற்செய்தி நூல்களும் ஏறக்குறைய அதே காலத்தவை. டிசம்பர் 25 "வெல்லப்படாத சூரியனின்" பிறந்தநாள் என்று கி.பி. 354ஆம் ஆண்டு ரோமானியக் காலண்டர் ஒன்றில் இருக்கிறது. அது மித்ராஸ் பெயரில் இல்லை. அதுவும் பைபிளில் இயேசு பிறந்த தேதியே கிடையாது. கிறிஸ்துமஸ் தேதி எங்கிருந்து வந்தது என்பது திருச்சபை வரலாற்றுக் கேள்வி, பைபிளைப் பற்றியது அல்ல.

ஒன்றே ஒன்று உண்மை: மித்ராஸ் பக்தர்களுக்கு அப்பமும் தண்ணீர்க் கிண்ணமும் வைத்து ஒரு சடங்கு இருந்தது. அதைச் சொல்வது இரண்டாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின். பேய்கள் நம்முடைய சடங்கைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டன என்று அவர் கோபப்படுகிறார். திருட்டுப் புகார் அப்போதே எதிர்த்திசையில் போயிருக்கிறது. ஹோரஸ் கதைக்கும் இதே லட்சணம்தான். அதற்காகத் தனியாக ஒரு நாளைச் செலவழிக்க எனக்கு மனமில்லை.

ஞாயிறு, ரயிலில்

செயின்ட் பாங்க்ராஸிலிருந்து பாரிஸ் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கடலுக்கடியில் போகிறோம் என்ற உணர்ச்சியே இல்லை. ஜன்னல் கொஞ்ச நேரம் கறுப்பாகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் தமிழ் பைபிளில் நீதிமொழிகளை எடுத்து, ஆமெனெமோபே என்ற பழைய எகிப்தியரின் அறிவுரைகளோடு வைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். இந்தப் பாபிரஸ் சுருள் பிரிட்டிஷ் மியூசியத்துடையது. 1888இல் வாலிஸ் பட்ஜ் எகிப்தில் வாங்கியது. வெள்ளிக்கிழமை காட்சிக்கு வைத்திருக்கவில்லை.

1924இல் ஜெர்மானிய எகிப்தியவியலாளர் அடால்ஃப் எர்மான், நீதிமொழிகள் 22:17இல் தொடங்கும் பகுதிக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். ஏழையைக் கொள்ளையிடாதே, கோபக்காரனோடு சேராதே, எல்லைக் கல்லைத் தள்ளாதே என்று இரண்டிலும் வருகிறது. தவறான வழியில் வந்த செல்வம் வாத்துகளைப்போல் சிறகு முளைத்து வானத்துக்குப் பறந்துவிடும் என்கிறது எகிப்து. நீதிமொழிகள் 23:5இல் அதே செல்வம் கழுகாகப் பறக்கிறது. நைல் கரையில் பொருத்தமாயிருந்த வாத்து யூதேயா மலைக்கு வந்ததும் கழுகாகிவிட்டது!

வெள்ளக் கதைபோல் இங்கே சண்டை எதுவும் இல்லை. நல்ல வாக்கியம், அரசவை எழுத்தர்கள் எடுத்துக்கொண்டார்கள். நீதிமொழிகள் புத்தகமே கடைசியில் ஆகூர், லேமுவேல் ராஜாவின் தாய் என்று மற்றவர்களின் வாக்கியங்களைப் பெயரோடு சேர்த்துவைத்திருக்கிறது. பக்கத்து நாட்டு ஞானம் என்பதற்காக அவர்கள் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. பின்னால் வந்த நாம்தான் வெட்கப்படுகிறோம்.

பாரிஸில் மழை. அறையின் ஹீட்டர் வேலை செய்யவில்லை.

திங்கள், பாரிஸ்

லூவ்ரில் நுழைந்ததும் எல்லோரும் மோனாலிசாவை நோக்கி ஒரு பக்கம் ஓட, ரிஷ்லியூ பகுதிக்குத் திரும்பினால் நிம்மதி. பாபிலோன் ராஜா ஹம்முராபியின் சட்டக் கல் இரண்டேகால் மீட்டர் உயரம். உச்சியில் சூரியதேவன் ஷமாஷ் உட்கார்ந்திருக்க, ராஜா எதிரே நிற்கிறார். கீழே சுற்றிலும் பொடிப் பொடியாக எழுத்து. கி.மு. 18ஆம் நூற்றாண்டின் கல் இது. பாபிலோனிய நாட்டிலிருந்து ஏலாமிய ராஜா கொள்ளையடித்து சூசாவுக்குக் கொண்டுபோனார். அங்கே 1901-02இல் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டியெடுத்து இங்கே கொண்டுவந்தார்கள். ஒரு வருடத்துக்குள் மொழிபெயர்த்தவர் ஷேய்ல் என்ற டொமினிக்கன் பாதிரியார்.

கண்ணுக்குக் கண் எல்லோருக்கும் தெரியும். எனக்கு வேண்டியது முட்டுகிற மாடு. மாடு முட்டி ஆள் செத்தால்? அது முட்டும் மாடு என்று முன்பே எச்சரித்தும் சொந்தக்காரன் கட்டி வைக்காமல் விட்டிருந்தால்? செத்தவன் அடிமையாக இருந்தால்? ஹம்முராபி இந்த மூன்றையும் இதே வரிசையில் கேட்கிறார். பைபிளின் யாத்திராகமம் 21உம் இதே மூன்றைக் கேட்கிறது. ஒரு மாடு இன்னொரு மாட்டை முட்டிக் கொன்றால், உயிரோடிருக்கும் மாட்டை விற்ற பணத்தையும் செத்த மாட்டையும் இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்ற யாத்திராகமத் தீர்ப்பு, ஹம்முராபியைவிடப் பழைய எஷ்னுன்னா நகரின் சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

கேள்விகள் ஒன்று, தீர்ப்புகள் வேறு. ஹம்முராபியில் தெரிந்தே விட்டவன் அரை மினா வெள்ளி கட்டிவிட்டுப் போகலாம். அடிமைக்கு மூன்றிலொரு மினா. யாத்திராகமத்தில் மாட்டையே கல்லெறிந்து கொல்ல வேண்டும், இறைச்சியைத் தொடக் கூடாது. தெரிந்தே விட்டவனுக்கும் மரணம், மீட்புப் பணம் கேட்டால் மட்டும் தப்பலாம். மனித உயிரை எடுத்தது மாடானாலும் வெறும் நஷ்டஈட்டுக் கணக்காக முடிக்கக் கூடாது என்ற பிடிவாதம் தெரிகிறது. ஆனால் அடிமைக்கு வந்ததும் முப்பது சேக்கல் வெள்ளி என்று இதுவும் விலைதான் சொல்கிறது. இதை மறைத்துவிட்டு "பைபிள் எவ்வளவோ உயர்ந்தது" என்று பிரசங்கிக்கிறவர்களை நான் கேட்டிருக்கிறேன்.

மோசேயோ வேறு யாரோ இந்தக் கல்லைப் பார்த்து எழுதியிருக்க வேண்டியதில்லை. எழுத்தர் பள்ளிகளில் இந்தச் சட்டங்களை நூற்றாண்டுக் கணக்கில் பாடமாகப் படியெடுத்தார்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எருசலேமின் தலைவனே எகிப்திய ராஜாவுக்கு பாபிலோனியரின் அக்காதிய மொழியில், களிமண் பலகையில்தான் கடிதம் எழுதினான். இஸ்ரேலில் உள்ள மெகிதோவில் கில்காமேஷ் காவியத்தின் துண்டு ஒன்றே கிடைத்திருக்கிறது. பிற்பாடு கி.மு. 6ஆம் நூற்றாண்டில் யூதர்களைச் சிறைபிடித்துப் பாபிலோனுக்கே கொண்டுபோனார்கள். கதையும் சட்டமும் வந்து சேர ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருந்தது.

அங்கிருந்து மேசாவின் கல். இதைத்தான் மற்றவற்றைவிட அதிக நேரம் பார்த்தேன். 2 இராஜாக்கள் 3இல் வரும் மோவாப் ராஜா மேசா, அவரே நிறுத்திய கறுப்புக் கல். கி.மு. 840 வாக்கு. 1868இல் ஜோர்தானின் திபானில் ஐரோப்பியர் கண்ணில் பட்டது. யார் எடுத்துப்போவது என்ற போட்டியில் உள்ளூர் பெதுயின்கள் நெருப்பில் சூடாக்கித் தண்ணீர் ஊற்றி உடைத்துவிட்டார்கள். அதற்கு முன்பே பிரெஞ்சு ஆய்வாளர் க்ளெர்மோன்-கன்னோ ஈரக் காகிதத்தில் ஒற்றி எடுக்கவைத்த படி இருந்ததால் பிழைத்தது. எது அசல் துண்டு, எது படியைப் பார்த்து நிரப்பியது என்று அருகில் போனால் தெரிகிறது.

அதில் மேசா சொல்வது: மோவாபின் தேவன் காமோஸ் தன் தேசத்தின்மேல் கோபமாயிருந்தான், அதனால் இஸ்ரவேலின் ராஜா உம்ரி மோவாபை ஒடுக்கினான். பிறகு காமோஸ் என்னிடம், போ, நேபோவை இஸ்ரவேலிடமிருந்து பிடி என்றான். பிடித்தேன், ஏழாயிரம் பேரையும் கொன்று தேவனுக்கென்று அர்ப்பணித்தேன். தேவன் பெயரை மாற்றிவிட்டால் யோசுவா புத்தகத்தில் ஒரு பக்கம். யார் யாரிடம் வாங்கினார்கள் என்ற கேள்விக்கே இங்கே வேலை இல்லை. ஜோர்தானுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ராஜாக்கள் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறார்கள். வெள்ளக் கதை எனக்கு எந்தச் சங்கடமும் தரவில்லை. இந்தக் கல் தந்தது.

செவ்வாய், பாரிஸ்

லூவ்ருக்கு விடுமுறை. பெர்லின் போகலாமா என்று ஒரு யோசனை இருந்தது. ஆனால் பெர்காமோன் அருங்காட்சியகத்தை 2023 முதல் பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறார்கள். பாபிலோனின் இஷ்தார் வாயில் இருக்கும் பகுதியை 2037இல் திறப்பதாகத் திட்டமாம்.

பெர்லினை நினைத்ததற்குக் காரணம் ஜெர்மானிய அசீரியவியலாளர் ஃப்ரெட்ரிக் டெலிட்ஷ். 1902 ஜனவரி 13ஆம் தேதி, கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம் முன்னிலையில், பாபேலும் பைபிளும் என்று அவர் பேசிய பேச்சு ஜெர்மனியையே இரண்டாகப் பிரித்தது. பழைய ஏற்பாட்டின் நல்ல விஷயங்கள் பாபிலோனிலேயே இருந்தன என்று தொடங்கியவர், போகப் போகப் பழைய ஏற்பாடே கிறிஸ்தவர்களுக்கு வேண்டாம் என்று 1920களின் தொடக்கத்தில் எழுதும் அளவுக்குப் போனார். அதில் இருந்தது ஆராய்ச்சியைவிட யூத வெறுப்பு அதிகம். "எங்கிருந்து எடுத்தார்கள்" என்று யாராவது ஆர்வமாகக் கேட்கும்போது, எதற்காகக் கேட்கிறார் என்றும் நான் கொஞ்சம் கவனிப்பது இதனால்தான்.

மற்றபடி நாள் முழுக்க மழை, காபி, ஈரச் சாக்ஸ்.

புதன், பாரிஸ்

புதன்கிழமை லூவ்ர் இரவு ஒன்பது வரை. கானானியர் வணங்கிய பாகால் தேவனின் கல் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஓங்கிய கையில் தண்டாயுதம், மறுகையில் நிலத்தில் ஊன்றிய ஈட்டி. இதுதான் எலியா காலத்திலிருந்து நாம் திட்டிக்கொண்டிருக்கும் பாகால். பார்க்கக் கம்பீரமாகவே இருக்கிறார்.

இது சிரியாக் கடற்கரையில் ராஸ் ஷம்ராவில் கிடைத்தது. 1928இல் ஒரு விவசாயியின் கலப்பை கல்லறையில் தட்ட, அடுத்த வருடம் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஷேஃபர் தலைமையில் தோண்டத் தொடங்கினார்கள். வெளிவந்தது உகாரித் நகரம். முப்பது எழுத்துகள் கொண்ட ஆப்பெழுத்து நெடுங்கணக்கை 1930லேயே படித்துவிட்டார்கள். அத்ரஹாசிஸ் வெள்ளக் கதையின் ஒரு துண்டுகூட இங்கே கிடைத்தது. நகரம் அழிந்தது கி.மு. 1200க்குச் சற்றுப் பின்னால்.

அந்தப் பலகைகளில் பாகால் மேகங்களின்மேல் ஏறி வருகிறவன். சங்கீதம் 104இல் கர்த்தர் மேகங்களைத் தம் இரதமாக்குகிறார். பாகால் கொல்லும் லோத்தான் விரைந்தோடும் பாம்பு, நெளியும் பாம்பு, ஏழு தலை. ஏசாயா 27இல் கர்த்தர் தண்டிக்கப்போகும் லிவியாதானுக்கும் கிட்டத்தட்ட இதே அடைமொழிகள். சங்கீதம் 74இல் அதற்குத் தலைகளும் பல. இடி முழக்கமாகவே போகும் சங்கீதம் 29 முதலில் பாகாலுக்குப் பாடியதாக இருக்கலாம் என்று 1935இல் கின்ஸ்பெர்க் என்ற ஆய்வாளர் சொன்னார். இன்றும் அதற்கு ஆதரவாளர்கள் உண்டு. தேவர்களின் சபைக்குத் தலைவர் ஏல் என்ற முதியவர். இஸ்ரவேல் என்ற பெயரின் கடைசியிலேயே அவர் உட்கார்ந்திருக்கிறார்.

இதைக் கடன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடன் வேறு, பூர்வீகச் சொத்து வேறு. பாபிலோனிய வெள்ளம் வெளியிலிருந்து வந்தது. எகிப்திய அறிவுரையும் அப்படித்தான். ஆனால் உகாரித்தின் மொழி எபிரேயத்துக்கு நெருங்கிய உறவு, அந்தத் தேவர்கள் கானானின் தேவர்கள். மலைநாட்டில் இஸ்ரவேலாக ஆனவர்களில் பெரும்பாலோர் அதே கானானிய மக்களிலிருந்து வந்தவர்களே என்பதுதான் இன்று தொல்லியலாளர்களில் பலரின் கருத்து. சினாய்ப் பாலைவனத்தில் குந்தில்லத் அஜ்ருதில் 1970களில் கிடைத்த, கி.மு. 800 வாக்கிலான ஜாடியில் "சமாரியாவின் யாவேயும் அவருடைய அஷேராவும்" என்று ஆசி எழுதியிருக்கிறது. யாவே என்பது கர்த்தரின் பெயர். கர்த்தருக்குப் பக்கத்தில் ஒரு அம்மன்! தீர்க்கதரிசிகள் நூற்றாண்டுக் கணக்கில் தொண்டை கிழியக் கத்தியது வெளியூர்ப் பழக்கத்தை எதிர்த்து மட்டுமல்ல, தங்கள் தாத்தா பாட்டியின் வழிபாட்டை எதிர்த்தும்தான். பைபிளையே கவனமாகப் படித்தால் இது தெரியும். இவ்வளவு திட்டு வாங்கும் அளவுக்கு ஜனங்கள் அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

சங்கீதம் 104க்கும் எகிப்திய ராஜா ஆகெனாதனின் சூரியத் துதிக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றித் தம்பி போனில் கேட்டான். இரவில் சிங்கங்கள் வெளியே வருவது, விடிந்ததும் மனிதன் வேலைக்குப் போவது என்று சில இடங்கள் அச்சாக ஒத்துப்போகின்றன. இடையில் ஐந்நூறு வருடத்துக்கும் மேல் இருக்கும், ஆகெனாதன் போனதுமே அவர் மதத்தையும் எகிப்தியர் அழித்துவிட்டார்கள். எப்படி வந்து சேர்ந்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்தத் துதியின் முழு வடிவம் இருப்பது அமர்னாவில், ஆய் என்ற அதிகாரிக்காக வெட்டிய கல்லறையின் சுவரில். கெய்ரோவுக்குத் தெற்கே முந்நூறு கிலோமீட்டர். அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.